அமேசான் மட்டுமா காரணம்?

"பைக் பாகங்கள் விற்ற ஆன்லைன் கடைகளை அமேசான்தான் காலி செய்தது, 2017-இல் எம்ஏஜி என்ற அமெரிக்க பைக் பாக நிறுவனம் திவாலானதே சாட்சி" என்று எழுதியிருக்கிறீர்கள். சாட்சி சரியில்லை. எம்ஏஜி வெறும் ஆன்லைன் கடை இல்லை. மோட்டார்சைக்கிள் சூப்பர்ஸ்டோர், ஜே அண்ட் பி சைக்கிள்ஸ் ஆகிய சில்லறை விற்பனைக் கடைகளோடு டக்கர் ராக்கி என்ற மொத்த விநியோக நிறுவனமும், சைலென்சர் செய்யும் வான்ஸ் அண்ட் ஹைன்ஸும் அதன் கையில் இருந்தன. கழுத்தை நெரித்தது பெருங்கடன். 2008 நெருக்கடியில் அமெரிக்காவில் புது பைக் விற்பனை பாதியாகச் சரிந்து, பழைய உயரத்துக்குத் திரும்பவே இல்லை. பாகம் யார் வாங்குவார்? அமேசானுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஹெல்மெட், பைக் உடை விற்கும் ஆன்லைன் கடையான ரெவ்ஸில்லாவே 2016-இல் சைக்கிள் கியர் என்ற நேரடிக் கடைகளின் சங்கிலியோடு கைகோத்தது. ஹெல்மெட்டைத் தலையில் மாட்டி, கன்னம் இறுக்குகிறதா என்று பார்க்க கடைதானே வேண்டும்! ஜே அண்ட் பி-யும் பிற்பாடு இந்த இரண்டும் சேர்ந்த குழுமத்துக்குத்தான் போனது.