திருடர்களைப் பாராட்டியது போதும், படத்தைப் பார்த்தீர்களா?

காலையிலிருந்து அதே மீம்: இயக்குநர் மணிகண்டனின் உசிலம்பட்டி வீட்டில் நடந்த திருட்டு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அத்தை, ஆபீஸ் குழுவில் மேனேஜர், இங்கே பாதி நண்பர்கள். "திருடனுக்கும் மனசு இருக்குய்யா", "உசிலம்பட்டி கெத்து", "இதையே அடுத்த படமா எடுங்க டைரக்டர் சார்." நகை, பணம் போனதைப் பற்றி ஒருவருக்கும் கவலை இல்லை. தேசிய விருதுப் பதக்கத்தை மன்னிப்புக் கடிதத்தோடு திருப்பி வைத்தார்களாம், அதனால் திருடர்கள் இப்போது ஹீரோக்கள்.

சிரிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ஒரே ஒரு கேள்வி. அந்தப் பதக்கம் எந்தப் படத்துக்கு என்று தெரியுமா? அந்தப் படத்தைப் பார்த்தீர்களா?

'காக்கா முட்டை' பார்த்தோமே என்பீர்கள். பார்த்தீர்கள், ஓடியது, மறுக்கவில்லை. தனுஷும் வெற்றிமாறனும் தயாரித்த படம், 2015. அதற்கு அடுத்த வருடம் ஒரே செப்டம்பரில் மணிகண்டனின் இரண்டு படங்கள் வந்தன: 'குற்றமே தண்டனை', 'ஆண்டவன் கட்டளை'. ஒன்றில் கண்பார்வை குறுகிக்கொண்டே போகும் ஒருவன், சிகிச்சைக்குப் பணம் வேண்டும் என்று ஒரு கொலையை வைத்துப் பேரம் பேசுகிறான். சிரிக்க இடமே கிடையாது. இன்னொன்றில் பாஸ்போர்ட்டில் ஏஜென்ட் எழுதிய கார்மேகக் குழலி என்ற இல்லாத மனைவியை விவாகரத்து செய்ய ஒருவன் அலைகிறான். வயிறு வலிக்கச் சிரிக்கலாம். ஆனால் அதே படத்தில் விசாரணை மேல் விசாரணையாக அலைக்கழிக்கப்படும் ஈழத்து நேசனும் இருக்கிறான். அவனை எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? யோகி பாபு காமெடி மட்டும் ரீல்ஸாகச் சுற்றுகிறது.

இதுதான் எனக்கு எரிச்சல். இந்த மனிதர் படத்தில் சிரிப்பைத் தனியாகவும் வலியைத் தனியாகவும் பிரிக்க முடியாது. 'காக்கா முட்டை'யில் ஆயா தோசை மாவில் பீட்சா சுடுவது சிரிப்பா, அழுகையா? நமக்கோ சிரிப்பை மட்டும் வெட்டி எடுத்து அனுப்பத் தெரியும். இப்போது அவர் வீட்டுத் திருட்டுக்கும் அதே கதிதான்.

அந்தத் தேசிய விருதை வாங்கிய 'கடைசி விவசாயி' வந்தபோது, 2022 பிப்ரவரியில், பெரியப்பாவை அழைத்துக்கொண்டு தியேட்டருக்குப் போனேன். கூட்டம் சேரவில்லை, ஷோ இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் வேறு ஊருக்குப் போய்ப் பார்த்தோம். நிலத்தை விற்று யானை வாங்கிய யோகி பாபு வந்ததும் இருந்த பத்துப் பதினைந்து பேரும் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. அவரும் நிலத்தை விற்றவர்தான். கிணற்றோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு, இன்றும் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் எதிர்ப்பக்க ஜன்னலில்தான் உட்காருவார். இடைவேளையில் டீ வேண்டாம் என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

உடனே ஒருவர் வருவார், "படம் ஸ்லோ பாஸ்." நெல் எவ்வளவு ஸ்பீடாக வளர வேண்டும் உங்களுக்கு? செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்த கிழவர் மீது கேஸ், அவர் உள்ளே இருக்கும்போது பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சச் சொல்லி போலீஸ்காரருக்கு மாஜிஸ்திரேட் உத்தரவு. இதைவிட நல்ல நகைச்சுவையைச் சமீபத்தில் எங்கே பார்த்தீர்கள்? "விருதுப் படம்" என்று முத்திரை குத்தி ஒதுக்கிவிட்டு, அந்த விருது திருடு போனதும் மட்டும் ஓடி வருகிறீர்கள்.

"நீ என்ன அவருக்கு வக்கீலா?" இல்லை. அவருக்கு என்னைத் தெரியாது. டிக்கெட் வாங்கினேன், அவ்வளவுதான். அது போதாதா பேச?

"விருதுதான் கிடைத்துவிட்டதே, அப்புறம் என்ன புலம்பல்?" கிடைத்தது. அந்தக் கிழவர் மாயாண்டியாக நடித்த நல்லாண்டி ஐயாவுக்கும் தேசிய விருதில் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. வாங்கத்தான் அவர் இல்லை. படம் வெளியாவதற்கு முன்பே போய்விட்டார். நடிகர் கிடையாது, நிஜ விவசாயி. மீம் போடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த முகம் தெரியும்? என் அத்தைக்குத் தெரியாது, கேட்டுப் பார்த்தேன். "யாருடா அது, திருடனா?" என்றார்.

அந்தத் திருடர்களாவது உழைப்பு உங்களுடையது என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். படத்தை டெலிகிராமில் இறக்கிப் பார்த்தவர்கள் யாரும் இதுவரை கடிதம் எழுதியதாகத் தெரியவில்லை. (ஆமாம், உங்களைத்தான் சொல்கிறேன். கோபம் வந்தால் அன்ஃப்ரெண்ட் செய்துகொள்ளுங்கள்.)

அப்புறம், கமெண்டில் "எந்த ஓடிடியில இருக்கு ப்ரோ, லிங்க் ப்ளீஸ்" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: நீங்களே தேடிக்கொள்ளுங்கள். மீம் மட்டும் லிங்க் இல்லாமலே கிடைத்தது இல்லையா?