கண்ணாடி மாட்டியவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் நின்றே ஆக வேண்டும்

எஃப்.பி.வி. என்பது சிறு ஆளில்லா விமானத்தின் கேமரா அனுப்பும் படத்தைக் கண்ணாடி போன்ற திரையில் பார்த்துக்கொண்டே அதை ஓட்டுவது. அந்தக் கண்ணாடியை மாட்டிய நொடியே விமானியின் தலைக்கு மேலிருக்கும் வானம் அவருக்கு இல்லாமல் போய்விடுகிறது. விமானத்தின் மூக்கில் இருக்கும் கேமரா முன்னால் உள்ளதை மட்டும்தான் காட்டும். மேலே என்ன, பின்னால் என்ன, வாலுக்குக் கீழே என்ன வருகிறது என்று அதற்குத் தெரியாது. பின்னாலிருந்து தாழ்வாக வரும் ஹெலிகாப்டர் திரையில் ஒரு புள்ளியாகக்கூட விழாது. எனவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கண்ணாடி போடாத இன்னொருவர் பக்கத்தில் இல்லை என்றால் எஃப்.பி.வி. விமானத்தைத் தரையிலிருந்து எடுக்கவே கூடாது. நல்ல ஆன்டெனா, பெரிய பேட்டரி, புது கேமரா எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பினாங்கில் இருப்பவர்கள் இதை இன்னும் அழுத்தமாக எடுத்துக்கொள்ள வேண்டும். தீவின் தென்கிழக்கில் பாயான் லெப்பாஸ் விமான நிலையம். கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த் ஆகாயப்படைத் தளம். ஒன்றில் பயணிகள் விமானம், மற்றொன்றில் போர் விமானம். ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாட்டின் கூட்டுப் பயிற்சி நடக்கும் வாரங்களில் பட்டர்வொர்த்தில் வெளிநாட்டு விமானங்களும் சேர்ந்துகொள்ளும். பாயான் லெப்பாஸ் ஓடுதளம் வடகிழக்கு, தென்மேற்காகக் கிடக்கிறது. வடகிழக்கிலிருந்து இறங்கும் விமானம் எதிர்க்கரையிலுள்ள பிறை நகரின் பக்கமிருந்து கடலைத் தாண்டித்தான் வரும். வழக்கமான 3 டிகிரிச் சரிவில் இறங்கும் விமானம், ஓடுதள முனைக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் இருக்கும்போதே 400 அடிக்கு வந்துவிடும். தொழிற்பேட்டைப் பக்கத்துத் திடலில் நின்று "நான் 400 அடிக்குக் கீழேதானே பறக்கிறேன்" என்று சொல்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அங்கே 400 அடி என்பது பயணிகள் விமானத்தின் பாதை.

கோலாலம்பூர்க்காரர்களுக்கும் இதே கதைதான். சுபாங் ஓடுதளம் குடியிருப்புகளுக்கு நடுவில் இருக்கிறது. தீயணைப்புத் துறை, போலீஸ் ஹெலிகாப்டர்கள் எந்த நேரத்திலும் தாழ்வாக வரலாம்.

இனி சட்டம். பலர் அமெரிக்க, ஐரோப்பிய யூடியூப் காணொளிகளைப் பார்த்து அங்குள்ள விதிகளையே இங்கும் பேசுகிறார்கள். 250 கிராமுக்குக் கீழே என்றால் கேள்வி இல்லை, கட்டுப்பாட்டுக்கு உட்படாத ஜி வகுப்பு வான்வெளி என்றால் சுதந்திரம் என்கிறார்கள். நம் நாட்டில் செல்லுபடியாவது 2016ஆம் ஆண்டின் மலேசிய சிவில் வான் போக்குவரத்து ஒழுங்குமுறை. அதன்படி ஏ, பி, சி, ஜி வகுப்பு வான்வெளிகளில் அனுமதி இல்லாமல் ஆளில்லா விமானம் பறக்கக் கூடாது. ஆம், ஜி வகுப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. விமான நிலையப் போக்குவரத்து வட்டத்துக்குள்ளும், தரையிலிருந்து 400 அடிக்கு மேலும் அதே தடைதான். அனுமதி தருவது சி.ஏ.ஏ.எம். எனப்படும் மலேசிய சிவில் வான் போக்குவரத்து ஆணையம். 20 கிலோவுக்கு மேற்பட்ட விமானத்துக்கும், கூலி வாங்கிச் செய்யும் வேலைக்கும் தனி அனுமதி வேண்டும். விமானத்தைக் கண்ணால் நேரடியாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் சட்டத்தின் எதிர்பார்ப்பு. திரையில் பார்ப்பது அந்தக் கணக்கில் வராது. கண்ணாடி மாட்டியவர் அந்தக் கடமையைத் தனியாக நிறைவேற்றவே முடியாது. பக்கத்தில் ஒருவர் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

விண்ணப்பத்தைச் சுமை என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இடத்தின் ஆயத்தொலைவு, நாள், நேரம், உயரம், விமானத்தின் எடை, யார் பொறுப்பு என்று எழுதி உட்கார்ந்தாலே பாதித் தவறு தாளிலேயே தெரிந்துவிடும். கடைசி நாளில் அனுப்பாமல் சில வாரங்கள் முன்னதாக அனுப்புங்கள். நிலத்துக்குச் சொந்தக்காரரின் சம்மதம் வேறு விஷயம். செம்பனைத் தோட்டம் என்றால் நிர்வாகியிடமும், வயல் என்றால் உழுபவரிடமும் கேட்க வேண்டும். வயலில் மருந்து தெளிக்கும் டிரோன் அதே காலை நேரத்தில் அதே உயரத்தில் வரக்கூடும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் அந்தப் பேச்சு உதவும்.

பக்கத்தில் நிற்பவரை ஸ்பாட்டர் என்கிறோம். அவர் வேலை என்ன என்பதை யாரும் ஒழுங்காகச் சொல்லித் தருவதில்லை. பெரும்பாலும் அவர் கையில் கைப்பேசி, அதில் காணொளி எடுத்துக்கொண்டிருப்பார், அல்லது இரண்டாவது திரையில் அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டும் தவறு. அவர் பார்க்க வேண்டியது விமானத்தையும் அதைச் சுற்றியுள்ள வானத்தையும். சுமார் ஒரு மீட்டர் இறக்கை உள்ள நுரை விமானம் 300 மீட்டரைத் தாண்டினால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்வது கடினம். 500 மீட்டரில் அது வெறும் கோடு. ஆகவே தூரத்தின் எல்லையை வைப்பது ஸ்பாட்டரின் கண். வீடியோ எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பது அந்த எல்லையை மாற்றாது. காற்றிலும் கேட்கும்படி விமானிக்கு ஒரு கை தூரத்தில் நிற்க வேண்டும். பேசும் சொற்களை முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். விமானி நிற்கும் திசையை வைத்து இடம், வலம், பின்னால். அப்புறம் ஒரே ஒரு கட்டளை.

"அண்ணே, பின்னால ஹெலி. இறக்குங்க."

"இறக்குறேன். 30 மீட்டர்."

"இன்னும் வருது. வலது பக்கம் திருப்பித் தரைக்குக் கொண்டு வாங்க."

இவ்வளவுதான். "எங்கே? எவ்வளவு தூரம்?" என்று விமானி திருப்பிக் கேட்கக் கூடாது. மனிதர் ஏறிய விமானம் வந்தால் நாம்தான் விலக வேண்டும், அதுவும் கீழே. ஃபிளைட்ரேடார்24 திரையில் ஒன்றும் இல்லையே என்று நம்பாதீர்கள். ராணுவ விமானங்களும் சில ஹெலிகாப்டர்களும் அதில் தெரியாமலே போகும்.

இங்கே ஒரு நுட்பம். ஹெலிகாப்டர் வரும்போது பதற்றத்தில் ஆர்.டி.எச். (விமானம் தானாகவே கிளம்பிய இடத்துக்குத் திரும்பும் முறை) சுவிட்சைத் தட்டாதீர்கள். வீடு திரும்பும் அந்த முறை, முதலில் விமானத்தை நீங்கள் வைத்த உயரத்துக்கு ஏற்றிவிட்டுத்தான் திருப்பும். கீழே இறங்க வேண்டிய நேரத்தில் அது மேலே ஏறும். ஆபத்துக்குக் கைமுறை, படம் போனால் ஆர்.டி.எச். இந்த இரண்டையும் மனதில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படம் போவது என்றதும் பலர் நினைப்பது "ஃபெயில்சேஃப் பார்த்துக்கொள்ளும்" என்று, அதாவது இணைப்பு அறுந்தால் தானாக இயங்கும் பாதுகாப்பு முறை. பார்த்துக்கொள்ளாது. ஃபெயில்சேஃப் வேலை செய்வது கட்டுப்பாட்டு ரேடியோவின் இணைப்பு அறுந்தால் மட்டும்தான். வீடியோ தனி அலைவரிசை, தனி டிரான்ஸ்மிட்டர். வீடியோ உறைந்து நின்றாலும் ரேடியோ நன்றாகவே இருக்கலாம். விமானம் உங்கள் விரல் எங்கே இருக்கிறதோ அப்படியே பறந்துகொண்டிருக்கும். அனலாக் படம் புள்ளி புள்ளியாகக் கெட்டு முன்கூட்டியே எச்சரிக்கும். டிஜிட்டல் படம் நன்றாக இருந்துவிட்டுத் திடீரென உறையும். உறைந்தால் செய்ய வேண்டியது: கைப்பிடிகளை நடுவில் விடுவது, ஆர்.டி.எச். சுவிட்சைத் தட்டுவது, ஸ்பாட்டரிடம் "படம் போச்சு" என்று சொல்வது. இந்த வரிசையை வீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு பழகலாம். சுவிட்ச் எது என்று தேடக்கூடாத நேரம் அது.

விமானத்தின் கணினியில் ஐநாவ் என்ற பறப்பு மென்பொருள் வைத்திருப்பவர்கள் சில எண்களைச் சரிபார்க்க வேண்டும். ஃபெயில்சேஃப் நடைமுறை ஆர்.டி.எச். என்று இருக்கிறதா? ஆர்.டி.எச். உயரம் மரத்துக்கும் மின்கோபுரத்துக்கும் மேலே போதிய அளவு இருக்கிறதா? முதிர்ந்த செம்பனை 15 மீட்டரைத் தாண்டும், உயர் அழுத்த மின்கோபுரம் 40, 50 மீட்டர் நிற்கும். செபராங் பிறை சமவெளிக்கு 70 மீட்டர் பொருத்தம். படத்தின் மேல் எண்களைக் காட்டும் ஓ.எஸ்.டி.யின் உயர எச்சரிக்கையை 100 மீட்டரில் வையுங்கள். 400 அடி என்பது 122 மீட்டர், இடையில் 22 மீட்டர் கைவசம் இருக்கும். ஓ.எஸ்.டி. காட்டும் உயரம் நீங்கள் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. சட்டம் சொல்லும் உயரமோ விமானத்துக்கு நேர் கீழே உள்ள தரையிலிருந்து. மலைச் சரிவில் நின்று பள்ளத்தாக்கின் மேல் பறந்தால், திரை 60 காட்டும்போதே 122-ஐத் தாண்டியிருக்கலாம். பாலிக் புலாவ் போல மலை சூழ்ந்த இடத்தில் இது அடிக்கடி நடக்கக்கூடியது.

வீடு திரும்பிய விமானம் தலைக்கு மேல் வட்டமிடும் ஆரம் இன்னொன்று. 75 மீட்டர் ஆரம் என்றால் உங்கள் தலைக்கு மேல் 150 மீட்டர் அகல வட்டம். சாலையோரத்தில் நின்று கிளம்பினால் அந்த வட்டத்தின் பாதி வாகனங்களுக்கு மேலே. தானாகத் தரையிறங்கும் வசதியை எப்போதும் என்று விடாமல், ஃபெயில்சேஃப் நேரத்தில் மட்டும் என்று வைப்பது நல்லது. கிளம்பும் இடத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் 100 மீட்டராவது வெறும் நிலம் இருக்க வேண்டும்.

ஆர்.டி.எச். திரும்பி வரும் வீட்டு இடம் பதிவாவது ஆர்ம் செய்யும், அதாவது மோட்டாரைச் சுழலத் தயாராக்கும் நொடியில். ஜி.பி.எஸ். 6 செயற்கைக்கோள் பிடித்ததும் சரி என்று சொல்லும், நீங்கள் 10க்கு மேல் வரும்வரை பொறுங்கள். பிறகு பறப்புச் சோதனை: பாதுகாப்பான உயரத்தில், பார்வைக்குள், முதலில் சுவிட்சால் ஆர்.டி.எச். போட்டுப் பாருங்கள். அது சரியாக வந்தால் மட்டும், அடுத்து டிரான்ஸ்மிட்டரையே அணைத்துப் பாருங்கள். இதைச் செய்யாமல் தூரம் போகிறவர் வீட்டுக்குத் திரும்பும் முறையை நம்பவில்லை, அதிர்ஷ்டத்தை நம்புகிறார்.

புது விமானம் முதல் எறிதலிலேயே மண்ணில் குத்துவதற்கு முக்கியக் காரணம் ஒன்று உண்டு. இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகையான எலெவான் தலைகீழாக அசைகிறது என்று பார்த்ததும் டிரான்ஸ்மிட்டரில் திருப்பிவிடுவார்கள். கைப்பிடிக்குச் சரியாக அசையும். ஆனால் நிலைப்படுத்தும் கணினிக்கு இன்னும் தலைகீழ்தான். விமானம் வலது பக்கம் சாய்ந்தால் அது இன்னும் வலது பக்கமே தள்ளும். சோதனை எளிது. கணினி தானே விமானத்தைச் சமநிலைப்படுத்தும் ஆங்கிள் முறையில் அதைக் கையில் பிடித்து வலது இறக்கையைத் தாழ்த்துங்கள். வலது எலெவான் கீழே போக வேண்டும். மூக்கைத் தாழ்த்துங்கள், இரண்டும் மேலே வர வேண்டும். அப்படி இல்லையென்றால் கணினிக்குள் சர்வோவின் (எலெவானை அசைக்கும் சிறு மோட்டாரின்) திசையை மாற்றுங்கள், டிரான்ஸ்மிட்டரைத் தொடாதீர்கள். இதெல்லாம் விசிறியைக் கழற்றி வைத்துவிட்டு.

எறியும்போது விரல் வெட்டுப்படுவது பின்விசிறி விமானங்களில். தானியங்கி எறிதல் முறையில் மோட்டார் அரை நொடி தாமதித்துச் சுழலும்படி வைத்தால் கை விலகிய பிறகே விசிறி ஓடும்.

அலைவரிசை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவுக்காகச் செய்த 915 வகை இ.எல்.ஆர்.எஸ். கட்டுப்பாட்டு ரேடியோ 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை தாவித் தாவி ஓடும். நம் நாட்டில் அதன் பெரும்பகுதி கைப்பேசி நிறுவனங்களின் பட்டை. நீங்களும் தொந்தரவு செய்வீர்கள், பக்கத்துக் கோபுரம் உங்களையும் மூழ்கடிக்கும். பார்வைக்குள் பறக்க 2.4 கிகாஹெர்ட்ஸ் தாராளமாகப் போதும். வீடியோவுக்கு 5725 முதல் 5875 வரைதான் பொதுப் பட்டை. ரேஸ்பேண்ட் என்ற சேனல் தொகுதியில் 5769, 5806, 5843 மூன்றும் சுத்தமாக அதற்குள் அடங்கும். 1.3 கிகாஹெர்ட்ஸ் வீடியோ வேண்டவே வேண்டாம், அந்தப் பகுதியில் விமானப் போக்குவரத்து ரேடார்கள் இயங்குகின்றன. திடலில் இருவர் மூவர் இருந்தால் பேட்டரியைச் சொருகும் முன் "எந்த சேனல்?" என்று குரல் கொடுங்கள். பறந்துகொண்டிருப்பவரின் அதே சேனலில் நீங்கள் பேட்டரி சொருகினால் அவர் கண் அந்த நொடியே இருண்டுவிடும்.

காற்றைக் கணக்கில் எடுங்கள். விமானம் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம், பின்னாலிருந்து 25 கிலோமீட்டர் கடற்காற்று என்றால் 400 மீட்டர் போக 17 விநாடி. திரும்ப 41 விநாடி. பிற்பகலில் இந்தக் கடற்காற்று வலுக்கும். அதனால் போகும்போது எதிர்க்காற்றில் போய் திரும்பும்போது காற்றோடு வாருங்கள். விடியற்காலையில் மேற்கிலிருந்து திரண்டு வரும் சுமத்திரா புயற்காற்று சில நிமிடங்களில் வந்து அடித்துவிடும். மேற்கு வானம் கறுத்தால் இறக்கிவிடுங்கள். லிப்போ பேட்டரி செல்லுக்கு 3.5 வோல்ட்டில் தரையில் இருக்க வேண்டும்.

கூட்டம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தண்ணீர்மலையிலும் பத்துமலையிலும் தைப்பூசத்தின்போது காவடிக்கு மேல் எஃப்.பி.வி. விட்டு எடுத்த படங்கள் அழகாக இருக்கலாம். ஆனால் கேமரா ஏந்திய சிறு விமானம் 1,000 பேருக்கு மேற்பட்ட கூட்டத்திலிருந்து 150 மீட்டரும், தனி மனிதரிடமிருந்து 50 மீட்டரும் விலகியிருக்க வேண்டும் என்கிறது அதே ஒழுங்குமுறை. கிளம்பும்போதும் இறங்கும்போதும் மட்டும் 30 மீட்டர். ஒரு கிலோ விமானம் மணிக்கு 90 கிலோமீட்டரில் விழுந்தால் அதன் ஆற்றல் 312 ஜூல். மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் கிரிக்கெட் பந்தின் ஆற்றலைப்போல் இரண்டரை மடங்கு. அதோடு விசிறியும் லிப்போவும் சேர்ந்து விழும். கீழே அலகு குத்தி, தலையில் பால்குடம் ஏந்தி நிற்பவர் ஒதுங்க முடியாது.

பையில் அனுமதிக் கடிதத்தின் அச்சுப் பிரதி ஒன்று, அதில் குறிப்பிட்டிருக்கும் தொடர்பு எண்ணை ஸ்பாட்டரின் கைப்பேசியிலும் போட்டு வைக்க வேண்டும். விமானம் கட்டுப்பாட்டை மீறி விமான நிலையம் இருக்கும் திசையில் போனால், தேடிக் கிளம்பும் முன் அந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும். எந்தத் திசை, கடைசியாகத் தெரிந்த உயரம், எத்தனை நிமிடம் பேட்டரி மிச்சம் என்ற மூன்றையும் சொல்ல வேண்டும்.