பரூச்சை மறந்துவிட்டீர்களே
சோனியா காந்தியின் அரசியல் ஆலோசகராக இருந்த காங்கிரஸ் தலைவர் அகமது படேல் மக்களிடம் ஓட்டுக் கேட்காமலே மேலே வந்தவர் என்று கட்டுரையில் இருப்பது சரியில்லை. 1977-ல் இந்திரா காந்தியே ரேபரேலியில் தோற்ற தேர்தலில், 27 வயதில் குஜராத்தின் பரூச் மக்களவைத் தொகுதியில் நின்று ஜெயித்தவர் அவர். 1980, 1984-லும் அதே தொகுதிதான். 1989-ல் தோற்றார், அப்புறம்தான் எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மாநிலங்களவை. மேலே கருத்து எழுதிய ஒருவர் மாநிலங்களவைக்குப் போவதைக் 'கொல்லைப்புற வழி' என்கிறார். 2017 மாநிலங்களவைத் தேர்தலில் அந்த வழியும் லேசில் திறக்கவில்லை. ஓட்டு எண்ணிய அன்று நள்ளிரவு தாண்டியும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். பா.ஜ.க.வுக்கு ஓட்டுப் போட்டு வாக்குச்சீட்டை வெளியே காட்டிய இரண்டு காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்களின் ஓட்டைத் தேர்தல் ஆணையம் செல்லாது என்ற பிறகு, சரியாக 44 ஓட்டில் கரையேறினார். ஊருக்கெல்லாம் தேர்தல் கணக்குப் போட்டுக் கொடுத்தவர், அந்தத் தடவை சொந்தக் கட்சி எம்.எல்.ஏ.க்களையே கட்சி மாறிவிடாமல் பெங்களூரு ரிசார்ட்டில் வைத்துக் காக்க வேண்டியிருந்தது!