முதல் விசாரணைக்கும் குறுக்கு விசாரணைக்கும் நடுவில் எட்டு மாதம்

என் மாமா 1990இல் திருகோணமலையிலிருந்து குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனவர், இன்னும் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார். சில வருஷத்துக்கு முன்னால் அவர் வேலை செய்த தேநீர்க் கடை வாசலில் ஒருவரைக் கத்தியால் குத்தினார்கள். மாமா கண்ணால் பார்த்தவர், அதனால் அரசுத் தரப்புச் சாட்சியானார். போன கிழமை அவரோடு கதைத்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

முதல் விசாரணை, அதாவது சாட்சியை அழைத்த தரப்பே கேட்பது, அரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. அரசு வழக்கறிஞர் “இவர்தானே குத்தினார்?” என்று பதிலை வாயில் வைத்துக் கேட்க முடியாது, “என்ன பார்த்தீர்கள்?” என்றுதான் கேட்கலாம். மாமா பார்த்ததைச் சொன்னார், எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவனை, கையால் காட்டினார். அப்புறம் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, மற்றச் சாட்சிகளும் சொல்லி முடிக்கட்டும், இவரைப் பிறகு குறுக்கு விசாரணை செய்கிறேன் என்று கேட்டார். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு, நீதிபதி அனுமதித்தார். மாமாவை மறுபடி கூண்டில் ஏற்றியது எட்டு மாதம் கழித்து.

அந்த எட்டு மாதமும் எதிரி பிணையில் வெளியில். மிரட்டவில்லையாம், கடைக்கு வந்து தேநீர் குடித்துவிட்டு மாமாவைப் பார்த்துக்கொண்டே போவானாம், அவ்வளவுதான். அகதி முகாம் பதிவில் வாழ்கிற மனிதருக்கு அந்தப் பார்வை போதாதா?

குறுக்கு விசாரணையில், “நீலச் சட்டை என்று பொலிசில் சொல்லவில்லையே?” என்று கேட்டிருக்கிறார்கள். அந்த வாக்குமூலத்தை எழுதியவர் பொலிஸ்காரர், தன் வார்த்தையில். சாட்சியிடம் அதில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது சட்டமே. பொலிஸ் எழுதியதை அப்படியே சாட்சியமாக ஏற்கவும் கூடாது, சாட்சியை முரண்படுத்த மட்டும் பயன்படுத்தலாம், முக்கியமான ஒன்று விடுபட்டிருந்தால் அதுவும் முரண்பாடாகலாம். பொலிஸ் தன் இஷ்டத்துக்கு எழுதிவிடுவதற்கு எதிரான பாதுகாப்பு அது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மாமாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். பதறிப்போய் “சரியாக ஞாபகமில்லை” என்று சொல்லிவிட்டார். உடனே அரசு வழக்கறிஞரே அவரைப் பிறழ்சாட்சி, அதாவது அழைத்த தரப்புக்கே மாறிப் பேசுகிற சாட்சி, என்று அறிவிக்கச் சொல்லி, அவர் தரப்புச் சாட்சியை அவரே குறுக்கு விசாரணை செய்தார். பிறழ்சாட்சி சொன்னதில் நம்பத்தகுந்த பகுதியை நீதிமன்றம் ஏற்கலாம் என்று மாமாவுக்கு யாரும் சொல்லவில்லை. தான் பொய்யன் ஆகிவிட்டதாக இன்றுவரை நினைக்கிறார்.

இது புதிய நோயில்லை. பஞ்சாபிலிருந்து வந்த வினோத் குமார் வழக்கில், முதல் விசாரணைக்கும் குறுக்கு விசாரணைக்கும் நடுவில் ஏறக்குறைய 20 மாதம் போனதை இந்திய உச்ச நீதிமன்றம் 2015இல் கடுமையாகக் கண்டித்தது. குறுக்கு விசாரணையைத் தள்ளிவைக்கக் கேட்பதற்கு நியாயமும் இருக்கலாம்: ஒரு சாட்சியிடம் கேட்ட கேள்வியைக் கேட்டுவிட்டு மற்றவர் தயாராகி வரக்கூடும். சரி, அப்படியென்றால் அந்தச் சாட்சிகள் எல்லாரையும் ஒரே கிழமையில் அழையுங்கள். 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த இந்தியாவின் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் சாட்சி வந்திருந்தால் நாளுக்கு நாள் விசாரிக்கச் சொல்கிறது, தள்ளிவைப்புக்கு வரம்பு போடுகிறது. பழைய சட்டமும் நாளுக்கு நாள் என்றுதான் சொன்னது. வழக்கைத் தள்ளிவைப்பதற்கு அங்கே வாய்தா, இங்கே இலங்கையில் தவணை, பெயர்தான் வேறு.

எங்கள் சாட்சியச் சட்டமும் 1872ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தைப் பார்த்து 1895இல் எழுதியதுதான், அதனால் இதை அயல்நாட்டுக் கதை என்று தள்ள என்னால் முடியவில்லை. 2006 ஜனவரி 2இல் எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில், 2019 ஜூலையில் இங்கே திருகோணமலையில் குற்றம் சாட்டப்பட்ட 13 பேரையும் ஆதாரம் போதாதென்று விடுவித்தார்கள். முக்கிய சாட்சிகள் சிலர் அதற்கு எவ்வளவோ முன்னரே உயிருக்குப் பயந்து நாட்டை விட்டுப் போயிருந்தார்கள். சாட்சியைக் காலம் தாழ்த்திக் கேட்பதும் கேட்காமல் விடுவதும் ஒன்றுதான் என்று நான் சொல்வது இந்த ஊரில் இருந்துகொண்டுதான்.

தீர்ப்பு என்னவாயிற்று என்று மாமாவிடம் கேட்டேன். அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லையாம்.