கேடி, மொக்கை, மாமூல்

(ஓய்வுபெற்ற ஏட்டு ஏகாம்பரம். எதிர்வீட்டு மாலதி, இடுப்பில் குழந்தையோடு.)

மாலதி: சாவியை எங்கடா ஒளிச்சு வச்சே? சரியான கேடிடா நீ!

ஏட்டு: ஏம்மா, பால்குடி மறக்காத பிள்ளையைப் போய் கேடிங்கறியே! ஸ்டேஷன்ல கே.டி. லிஸ்ட்டுன்னே ஒண்ணு உண்டு. ‘நோன் டிப்ரடேட்டர்’. அதாவது, போலீசுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச திருடன்.

மாலதி: ‘நோன்’ல ‘கே’ எங்க இருக்கு?

ஏட்டு: எழுதினா முன்னாடி நிக்கும், வாயைத் திறந்தா ஆளைக் காணோம். அந்த எழுத்தே கேடிதான்.

மாலதி: அது லிஸ்ட்டை விட்டு வெளிய வந்து எவ்வளவோ நாளாச்சு ஏட்டய்யா. ரவுடியும் கேடி, ஏமாத்தறவனும் கேடி, சாமர்த்தியசாலியும் கேடி. இப்ப கொஞ்சறதுக்கும் அதான். யாரு யாரைச் சொல்றாங்கங்கறதுலதான் விஷயமே. நான் இவனைச் சொன்னா முத்தம். நீங்க மாடிவீட்டுக்காரரைச் சொன்னா கைகலப்பு.

ஏட்டு: என் ஜோக்கை மொக்கைங்கறானே உன் தம்பி, அதுவும் கொஞ்சலா? மொக்கைன்னா முனை மழுங்கினதும்மா. கத்தியைச் சொல்லலாம், பென்சிலைச் சொல்லலாம்.

மாலதி: உங்க ஜோக்குக்கும் முனை இல்லையே! ஆனா பின்னாடி என்ன வினை வருதுன்னு பாக்கணும். மொக்கை ‘போட்டா’ நீங்க அடுத்தவன் உயிரை எடுக்கறீங்க. மொக்கை ‘வாங்கினா’ உங்க மானம் போகுது. ‘மொக்கையா இருக்கு’ன்னா யாருக்கும் சேதாரமில்ல, படம் சரியில்ல, அவ்வளவுதான். வினையை மாத்திச் சொன்னீங்கன்னா தொலைஞ்சீங்க.

ஏட்டு: பல்பு வாங்கறதும் இந்த ஜாதிதானா?

மாலதி: அதேதான். “பல்பு வாங்கிட்டு வர்றேன்”னு சொல்லிப் பாருங்க, “எந்தக் கடையில?”ன்னு கேக்கமாட்டான். “யாருகிட்ட?”ம்பான்.

ஏட்டு: எங்க காலத்துல அறுவைம்போம். பிளேடு, ரம்பம், எல்லாம் நல்லா வெட்டற சாமான். இப்ப வெட்டாததுக்கும் அதே அர்த்தமா?

மாலதி: நீங்க கேக்கறவன் கழுத்தைப் பாத்துப் பேரு வச்சீங்க. நாங்க ஜோக்கோட முனையைப் பாத்து வச்சோம்.

ஏட்டு: மொக்கை பிளேடுதாம்மா ரொம்ப எரியும்.

மாலதி: இது நல்லா இருக்கே! ஜோக் இப்படிச் சொல்லணும்.

ஏட்டு: அது கிடக்கட்டும். கல்யாணப் பந்தியில உக்காந்துக்கிட்டு “மரண சாப்பாடு”ங்கறானே ஒருத்தன், அவனை என்ன பண்றது?

மாலதி: பாராட்டறான்னு விட்டுடணும். நீங்க ‘பயங்கர அழகு’ன்னு சொன்னதில்லையா? சொல்லிச் சொல்லி அதுல இருந்த பயம் தேஞ்சு, ‘ரொம்ப’ங்கறது மட்டும் மிஞ்சுச்சு. தேஞ்சது பத்தலைன்னு மரணத்தைக் கூப்பிட்டிருக்கான். எழவு வீட்டுல மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. அங்க அந்தச் சொல்லு பழைய வேலைக்குத் திரும்பிடும்.

ஏட்டு: தமிழைப் பாழாக்கறீங்க.

மாலதி: ஆண்டாள் “கருப்பூரம் நாறுமோ”ன்னு கேட்டது வாசனையை. இப்ப ஒருத்தரைப் பாத்து “நாறுது”ன்னு சொல்லுங்க பாப்போம். அதைக் கெடுத்தது என் தம்பியா?

ஏட்டு: என்ன இருந்தாலும், சொல்லுன்னா ஒரே அர்த்தம் இருக்கணும்.

மாலதி: அப்படியா? ‘மாமூல்’னா என்ன ஏட்டய்யா?

ஏட்டு: (தொண்டையைச் செருமி) வழக்கம்னு அர்த்தம். அரபிச் சொல்லு.

மாலதி: அவ்வளவுதானா?

ஏட்டு: வழக்கமா குடுக்கறதுன்னும்... ஒரு அர்த்தம் உண்டு.

மாலதி: யாரு, யாருக்கு?

ஏட்டு: வெயில் ஏறுது, நான் கிளம்பறேன்.

மாலதி: மாமூலா நீங்க கிளம்பற நேரம் இது இல்லையே ஏட்டய்யா?