காசநோய் குணமானவர்கள் உடற்பயிற்சி செய்யக் கூடாதா?

“காசநோய் வந்து குணமானவர்கள் வேகமாக நடக்கவே கூடாது, மூச்சு வாங்கினால் பழைய புண் திறந்து நோய் திரும்பிவிடும்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. நோய் திரும்புவது கிருமியால்தான், நடப்பதால் அல்ல.

ஆனால் மூச்சு வாங்குவது உண்மை. வழக்கமான 6 மாத மருந்து கிருமியைக் கொல்லும். நுரையீரலில் விழுந்த தழும்பும் விரிந்துபோன மூச்சுக்குழாயும் பலருக்கு அப்படியே தங்கிவிடும். அதனால்தான் சளியில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் மாடி ஏறினால் மூச்சு இளைக்கிறது. தயவுசெய்து இதைச் சோம்பல் என்று சொல்லாதீர்கள். மூச்சின் அளவையும் வேகத்தையும் காட்டும் ஸ்பைரோமெட்ரி சோதனையில் ஊதச் சொல்லியும், 6 நிமிட நடைச் சோதனையில் நடந்த தூரத்தை மீட்டரில் அளந்தும், விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் இறங்குகிறதா என்று பார்த்தும் பாதிப்பைக் கண்டுபிடிக்கலாம்.

பயந்து உட்கார்ந்தே இருந்தால் கால் தசை வலுவிழக்கும். அப்புறம் அதே தூரத்துக்கு இன்னும் இளைக்கும். பயிற்சி தழும்பை அழிக்காது, நடக்கும் தெம்பைக் கூட்டும். மருத்துவரிடம் கேட்டுவிட்டு, பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் தொடங்குங்கள். சளியில் ரத்தம், நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.