சென்னையின் தலைசிறந்த ஐந்து வீரர்கள்: என் பட்டியலும் அதற்கான காரணங்களும்

சில நாட்களாக நண்பர்கள் வட்டத்தில் ஒரு விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. சென்னையின் விளையாட்டு வரலாற்றில் தலைசிறந்த ஐந்து பேர் யார்? ஆளுக்கொரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஆனந்தும் அஸ்வினும் எல்லாப் பட்டியலிலும் இருக்கிறார்கள், அதில் தகராறு இல்லை. மீதி மூன்று இடங்களில்தான் பிரச்சினை. தோனி, ஸ்ரீகாந்த், குகேஷ் என்று முடித்துவிட்டவர்கள் பாதிப் பேர். 1980-க்கு முன்னால் இந்த ஊரில் யாருமே ஆடவில்லையா? வட சென்னையிலிருந்து யாருமே வரவில்லையா? பார்க்கும்போது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் தோனி. சேப்பாக்கத்தில் அவர் மட்டையோடு படியிறங்கும்போது எழும் சத்தம் வேறு யாருக்கும் எழாது. சென்னை அவர்மேல் வைத்த அன்பும் நிஜம், அவர் சென்னைமேல் வைத்த அன்பும் நிஜம். ஆனால் அவர் ஆட்டம் கற்றது ராஞ்சியில். அந்த ஊர்க்காரர்கள் இப்படி ஒரு பட்டியல் போட்டால் முதல் பெயரே அவருடையதாகத்தான் இருக்கும். அதில் நாம் பங்கு கேட்பது சரியில்லை.

அதற்காகப் பிறந்த ஊர்ச் சான்றிதழ் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆனந்த் பிறந்தது மயிலாடுதுறையில். டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணன் நாகர்கோவிலில். செஸ் வீரர் மானுவேல் ஆரோன் பர்மாவில். படிக்கவும் பிழைக்கவும் வந்தவர்களால் நிரம்பிய ஊர் இது. எங்கே பிறந்திருந்தாலும் இங்கே கற்று, இங்கே ஆடி வளர்ந்தவர் சென்னைக்காரர்தான்.

அப்புறம், எதை வைத்து அளப்பது? பதக்கத்தையும் சாதனை எண்ணையும் மட்டும் பார்த்தால் கிடைப்பது இந்தியப் பட்டியலிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டுதான். ஊர்ப் பட்டியலுக்கு இன்னொரு கேள்வியும் வேண்டும் என்பது என் கட்சி. இவர் ஆடியதால் இந்த ஊரில் என்ன நடந்தது? எத்தனை பிள்ளைகள் அந்த ஆட்டத்தைத் தொட்டார்கள்? இல்லையென்றால், இந்த ஊருக்குள்ளேயே கிடந்த ஏதோ ஒன்றை உலகத்தின் முன்னால் கொண்டுபோய் வைத்தாரா? இதற்குப் பதில் இல்லாதவர் எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் என் ஐந்தில் இல்லை.

என் முதல் பெயர் ஆனந்த். அவருக்காக வாதாடத் தேவையில்லை. 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர், ஐந்து முறை உலக சாம்பியன். ஆனால் அவருக்கு முன்னால் ஆரோன் இருந்தார். 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர், ஒன்பது முறை தேசிய சாம்பியன். சோவியத் பண்பாட்டு மையத்தில் டால் செஸ் கிளப்பை அவர்தான் நடத்தினார். சிறுவன் ஆனந்த் அங்கேதான் வேக ஆட்டம் ஆடிப் பழகினான். ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். யோசிக்க உட்கார்ந்தால் நாற்காலி போய்விடும். பின்னாளில் எதிராளிகள் அரைமணி நேரம் எடுக்கும் இடத்தில் ஆனந்த் சில நொடிகளில் காயை நகர்த்திவிட்டு எழுந்து உலாவப் போனதற்கு வேர் அந்த நாற்காலிதான் என்று நான் நம்புகிறேன். ஆரோனுக்குத் தனி இடம் தர முடியவில்லை. ஆனந்தின் இடத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குகேஷ் 18 வயதில், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை வீழ்த்தி உலக சாம்பியன் ஆனார். அந்தக் கடைசி ஆட்டம் முடிந்து அவர் அழுததைப் பார்த்து நானும் அழுதேன். இருந்தாலும் இது வரலாற்றுப் பட்டியல். இன்னும் பல வருடம் ஆடப்போகிற பையனை இப்போதே சட்டம் போட்டு மாட்ட வேண்டாம். பத்து வருடம் கழித்துப் பேசலாம்.

இரண்டாவது பெயர் ராமநாதன் கிருஷ்ணன். நான் பார்த்த பட்டியல்களில் இந்தப் பெயர் எங்குமே இல்லை என்பதுதான் என்னை எழுத வைத்தது. 1954-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டம், ஆசியர் ஒருவருக்கு முதல்முறை. 1960-இலும் 1961-இலும் விம்பிள்டன் அரையிறுதி. அதுவும் எப்படி? 1961 காலிறுதியில் ராய் எமர்சனை நேர் செட்களில் வீழ்த்தி வந்தார். இரண்டு முறையும் அவரை அரையிறுதியில் வென்றவர்களே, முதலில் நீல் ஃபிரேசர், அடுத்து ராட் லேவர், அந்தந்த வருடம் கோப்பையைத் தூக்கினார்கள். ஒற்றையர் ஆட்டத்தில் அதற்கு மேல் இன்றுவரை எந்த இந்தியரும் விம்பிள்டனில் போகவில்லை. அறுபது வருடத்துக்கும் மேலாகிவிட்டது.

1966 டேவிஸ் கோப்பைக்கு வாருங்கள். கல்கத்தாவில் பிரேசிலுடன் மோதல், 2-2 சமநிலை. தீர்மானிக்கும் கடைசி ஆட்டத்தில் தாமஸ் கோச்சிடம் கிருஷ்ணன் இரண்டுக்கு ஒரு செட் பின்தங்கியிருந்தார். நான்காவது செட்டிலும் 2-5. இன்னும் ஒரு கேம் போனால் எல்லாம் முடிந்தது. அங்கிருந்து அந்த செட்டை 7-5 என்று எடுத்து, ஐந்தாவதையும் எடுத்தார். இந்தியா முதன்முதலாக டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றுக்குப் போனது அப்படித்தான். மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றோம். ஆனால் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து நியூகோம்ப், ரோச் ஜோடியை அங்கேயே வீழ்த்தினார்கள். பந்தை அறைந்து ஜெயித்தவர் இல்லை அவர். மட்டையால் தொட்டு, எதிராளி இல்லாத இடத்தில் கொண்டுபோய் வைத்தவர்.

ஊருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், அப்பா டி.கே. ராமநாதன் அவருக்குக் கற்றுக்கொடுத்தார், மகன் ரமேஷ் 1979-இல் அதே விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார், 1989-இல் ஆஸ்திரேலியாவில் உலகின் முதல்நிலை வீரர் விலாண்டரைச் சாய்த்தார். இன்னொரு பக்கம் அமிர்தராஜ் சகோதரர்கள். விஜய் அமிர்தராஜை விட்டதற்கு எனக்குத் திட்டு விழும், தெரியும். 1973-இல் அமெரிக்க ஓபனில் லேவரையே வென்றவர். அவர் குடும்பம் சென்னையில் நடத்திய பயிற்சித் திட்டத்தில்தான் லியாண்டர் பயஸ் பையனாக வந்து சேர்ந்தார். இத்தனையும் சரிதான். ஆனால் மெட்ராஸிலிருந்து ஒருவன் விம்பிள்டனின் கடைசி நால்வரில் நிற்க முடியும் என்று முதலில் காட்டியவர் கிருஷ்ணன். ஒரே இடம்தான் இருக்கிறது என்றால் அது அவருக்குத்தான்.

இங்கே ஐந்தில் வராத ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எம்.ஜே. கோபாலன். கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் நடந்தது, மெட்ராஸும் மைசூரும். அந்தக் கோப்பையின் வரலாற்றிலேயே முதல் பந்தை வீசியவர் கோபாலன். ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார், ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. அடுத்த வருடம் கோபாலன் தியான்சந்தோடு ஹாக்கி அணியில் நியூசிலாந்து போனார். 1936-இல் இரண்டு வழி வந்தது. ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி, இன்னொரு பக்கம் இங்கிலாந்து கிரிக்கெட் பயணம். அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். அந்தப் பயணத்தில் ஒரு டெஸ்டில்கூட அவரை இறக்கவில்லை. ஹாக்கி அணியோ இறுதியில் ஜெர்மனியை 8-1 என்று அடித்துத் தங்கத்தோடு திரும்பியது. 1934-இல் கல்கத்தாவில் ஆடிய ஒரே டெஸ்ட்தான் கடைசிவரை அவர் கணக்கில் நின்றது. ஒலிம்பிக் தங்கம் இருந்திருந்தால் இன்று எல்லோரும் அவர் பெயரைச் சொல்லியிருப்பார்கள். ஆறாவது இடம் என்று ஒன்று இருந்தால் யோசிக்காமல் அவருக்குக் கொடுப்பேன்.

மாஸ்கோ 1980 தங்கத்தின் கேப்டன் வாசுதேவன் பாஸ்கரனை விட்டதும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பல நாடுகள் வராத ஒலிம்பிக் என்று அதைக் குறைத்துப் பேசுபவர்களோடு நான் சேரமாட்டேன். அதற்குப் பிறகு நமக்கு ஒலிம்பிக் ஹாக்கியில் தங்கமே வரவில்லை. ஆனால் எழும்பூர் மைதானத்தைச் சுற்றி இருந்த ஹாக்கிக் கூட்டம் அவருக்கு முன்பே இருந்தது, அவருக்குப் பிறகு கரைந்தது. அது அவர் குற்றம் இல்லை. என் அளவுகோலில் மட்டும் அவர் வெளியே நிற்கிறார்.

மூன்றாவது பெயரைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். மரிய இருதயம். 1991, 1995 இரண்டு முறையும் கேரம் உலக சாம்பியன். கேரமுக்காக அர்ஜுனா விருது வாங்கியவர்.

கேரமெல்லாம் விளையாட்டா என்று கேட்பவர்கள் ஒருநாள் சாயங்காலம் வியாசர்பாடிப் பக்கமோ புதுவண்ணாரப்பேட்டைப் பக்கமோ போய் நின்று பாருங்கள். பலகைக்கு நேர் மேலே தாழ்வாகத் தொங்கும் பல்பு, நிழல் விழாமல் இருக்க அதற்கு ஒரு மூடி. பவுடரைத் தூவி உள்ளங்கையால் ஒரு தடவு. 29 அங்குலச் சதுரம், அதற்குள் பத்தொன்பது காய்கள். நன்றாக ஆடுபவர் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவதே தெரியாது, விரல் நகம் தொட்ட சத்தம் மட்டும்தான். ஒரு காய் விழும்போதே அடுத்த காய்க்கு எங்கே வந்து நிற்க வேண்டும் என்பது கணக்காகியிருக்கும். சிவப்புக் காயைப் போட்டுவிட்டு, தொடர்ந்து போட வேண்டிய ‘ஃபாலோ’ காய் விழாமல் போனால் சுற்றி நிற்கும் மொத்தக் கூட்டமும் ‘ச்’ கொட்டும். பணம் வேண்டாம், மைதானம் வேண்டாம், ஷூ வேண்டாம். இந்த நகரத்தின் உழைக்கும் மக்கள் வீட்டுப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே வளர்த்த ஆட்டம் இது. அதை இருதயம் உலகப் பட்டமாக்கினார். அவருக்குப் பின்னால் வியாசர்பாடியிலிருந்து இளவழகி வந்தார், உலக சாம்பியன். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார் புதுவண்ணாரப்பேட்டையின் காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள். ஒரே ஊர், ஒரே ஆட்டம், தலைமுறை தலைமுறையாக உலக சாம்பியன்கள். வேறு எந்த ஆட்டத்தில் இந்த ஊருக்கு இப்படி ஒரு வரிசை இருக்கிறது? செஸ்ஸில் மட்டும்தான்.

நான்காவது அஸ்வின். 106 டெஸ்ட், 537 விக்கெட், ஆறு சதம். இதையெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள். கிரிக்கெட்டில் வெங்கட்ராகவன் இருக்கிறார், ஸ்ரீகாந்த் இருக்கிறார், அவர்களைத் தாண்டி அஸ்வின் ஏன் என்றால், அவர் கையில் இருந்தது இந்த ஊர்த் தெருவின் வித்தை. கட்டை விரலுக்கும் நடு விரலுக்கும் நடுவே வைத்துச் சுண்டிவிடும் அந்தப் பந்தை அவர் எந்த அகாடமியிலும் கற்கவில்லை. டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் ஒருவர் போட்டதைப் பார்த்துக் கற்றார். சொடக்கு பந்து என்றுதான் நம் பையன்கள் சொல்வார்கள். அதைக் கொண்டுபோய் உலகத்தின் பெரிய மட்டையாளர்களுக்கு எதிராகப் போட்டார். 2021-இல் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஐந்து விக்கெட்டும் சதமும் ஒரே டெஸ்டில். 2024-இல் அதே மைதானத்தில் வங்கதேசத்துக்கு எதிராக 113 ரன்னும் ஆறு விக்கெட்டும். மேற்கு மாம்பலத்துப் பையன் சொந்த மைதானத்தில் இதைவிட என்ன செய்ய முடியும்?

ஐந்தாவது இடத்துக்கு எனக்குள் பெரிய சண்டையே நடந்தது. டேபிள் டென்னிஸ் வீரர் சரத் கமல், வாள்வீச்சு வீராங்கனை பவானி தேவி, இருவரில் யார்?

சரத்துக்குப் பத்து தேசியப் பட்டங்கள், ஐந்து ஒலிம்பிக், காமன்வெல்த் போட்டிகளில் மட்டும் ஏழு தங்கம். 2006-இல் மெல்போர்னில் ஒற்றையர் தங்கம், பதினாறு வருடம் கழித்து 40 வயதில் பர்மிங்காமில் மறுபடியும் அதே தங்கம். டோக்கியோ ஒலிம்பிக்கில் சீனாவின் ஒலிம்பிக் சாம்பியன் மா லாங்கிடமே ஒரு கேம் எடுத்தார். எண்களை மட்டும் வைத்தால் பேச்சே இல்லை, சரத்துக்குத்தான்.

ஆனால் சரத் வரும்போது இங்கே டேபிள் டென்னிஸ் வேரூன்றியிருந்தது. சந்திரசேகர் போன்ற தேசிய சாம்பியனைக் கொடுத்த ஊர் இது. சரத்தின் அப்பாவும் சித்தப்பாவும் பயிற்சியாளர்கள். பவானிக்கு முன்னால் யார் இருந்தார்கள்? ஒருவரும் இல்லை. வண்ணாரப்பேட்டையில் கோயில் அர்ச்சகரின் மகள். 2004-இல் பள்ளியில் சில புது விளையாட்டுகளைக் கொண்டுவந்தபோது மற்றதிலெல்லாம் இடம் நிரம்பிவிட, வாள்வீச்சு மிச்சமிருந்தது. வாங்க வாள் இல்லை, மூங்கில் குச்சியை வைத்துப் பழகினார்கள். அம்மா நகையை அடகு வைத்தார். துருக்கியில் முதல் சர்வதேசப் போட்டிக்கு மூன்று நிமிடம் தாமதமாகப் போனதற்குக் கறுப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பினார்கள். அந்தப் பெண்தான் டோக்கியோவில் ஒலிம்பிக் வாள்வீச்சில் இறங்கிய முதல் இந்தியர். முதல் மோதலில் 15-3 வெற்றி. 2023 ஆசிய வாள்வீச்சு சாம்பியன்ஷிப்பில் நடப்பு உலக சாம்பியன் மிசாகி எமுராவை வீழ்த்தி வெண்கலம். சேபர் என்ற சொல்லே (பவானி ஆடும் வாள்வீச்சு வகை) தெரியாத ஊரில் இன்று சின்னப் பெண்கள் முகமூடி மாட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போகிறார்கள். என் ஐந்தாவது இடம் பவானிக்கு.

சரத்தையோ கோபாலனையோ பாஸ்கரனையோ உள்ளே கொண்டுவர வேண்டும் என்றால் தாராளமாக எழுதுங்கள். ஆனால் இந்த ஐந்து பேரில் யாரை, ஏன் வெளியே எடுக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதுவரை என் பட்டியல் ஆனந்த், கிருஷ்ணன், இருதயம், அஸ்வின், பவானி.